கூடிக்கொண்டே போகும் பொத்தான்

வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வெப்சைட் செய்யும் ஃபிரேம்வொர்க் படிக்கிறான் வில்வநாதன். தெருவுக்கே தெரிந்த கதைதான்: முதல் பாடம் முடிவதற்குள் புதிதாக வேறொரு ஃபிரேம்வொர்க் வந்துவிடும், இவன் அதற்குத் தாவிவிடுவான். எல்லாவற்றிலும் முதல் பாடம் திரையில் ஒரே பொத்தான். அழுத்தினால் எண் ஒன்று கூடும். மருமகனைத் தன் பெயின்ட் கடையில் உட்காரவைக்கத் திருநெல்வேலியிலிருந்து மாமனாரே வந்துவிட்டார்.

“இதுக்கா மாப்ள வேலைய விட்டீய?” என்றபடி பொத்தானை அழுத்தினார். எண் கூடியது. மறுபடி அழுத்தினார். காபி ஆறியது, மகள் கூப்பிட்டது காதில் விழவில்லை.

வில்வநாதன் வேறு வழியில்லாமல் துணிமணிகளைப் பையில் அடுக்கினான். “கெளம்பலாமா மாமா?”

“இருங்க மாப்ள. இதக் குறைக்கதுக்கு ஒரு பொத்தான் கெடையாதா?”

“அது ரெண்டாவது பாடம்.”

மாமனார் நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டார். “அப்பம் படிங்க. நீங்க படிச்சு முடிக்க வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”