திரும்பிப் போவீர்களா?

"திரும்பிப் போயிடுவீங்கன்னு என்ன உத்தரவாதம்?" என்று கேட்டாள் பர்மகான்.

ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த அதிகாரி ரைனர், குதிரைப்பால் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார்.

விருந்தாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்மகானின் கணவன் ஷார்ஷென் எட்டி அவள் காதருகே குனிந்தான். "ஏம்மா, அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காரு. விரட்டிடாதே. வெள்ளத்துல போன பாலத்தையாவது கட்டித் தருவாரு."

"நீங்க சும்மா இருங்க. அவங்க தூதரகத்துல என்னை என்னல்லாம் கேட்டாங்க தெரியுமில்ல?"

ஊருக்கே தெரியும். சீன எல்லையை ஒட்டிய அந்தக் கிர்கிஸ் மலைக்கிராமத்துக்கு அவள்தான் தலைவி. மேலே பனிமலை உருகி வந்த வெள்ளம் பாலத்தையும் பாதி மேய்ச்சல் நிலத்தையும் வாரிக்கொண்டு போனது. அதைப் பற்றிப் பேச ஐரோப்பாவில் நடந்த பருவநிலை மாநாட்டுக்கு அவளை அழைத்தார்கள். புது உடுப்பு தைத்துக்கொண்டு தலைநகர் பிஷ்கெக் போய்த் தூதரக வாசலில் நின்றாள். விசா கிடையாது என்றுவிட்டார்கள். போனால் அங்கேயே தங்கிவிடுவாளாம்!

"சொந்த வீடு இருக்கா?" என்று ரைனரைக் கேட்டாள் பர்மகான்.

"இருக்குங்க."

"பெண்டாட்டி, பிள்ளைங்க?"

"இருக்காங்க. ரெண்டு பொண்ணு."

"அப்புறம் எதுக்கு அவங்களை விட்டுட்டு இங்க வந்தீங்க? எங்க ஆடு மேய்க்கிற வேலையைப் பறிச்சுக்கவா?"

"ஐயோ, எனக்கு ஆடுன்னாலே பயம்ங்க!"

வாசலில் கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரைனர் அவசர அவசரமாகக் கைப்பேசியில் திரும்பும் விமானச் சீட்டைத் தேடிக் காட்டினார்.

பர்மகான் மட்டும் சிரிக்கவில்லை. "புகையை விட்டது நீங்க. வெள்ளத்துல நின்னது நாங்க. அதைச் சொல்ல வந்தா கதவைச் சாத்திட்டீங்களே!"

"தப்புதாங்க," என்றார் ரைனர் மெல்ல. "உங்களுக்குப் போட்ட நாற்காலி கடைசி வரைக்கும் காலியாவே கிடந்தது. நான் பார்த்தேன்."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடுங்க. என்ன குடுக்கலாம்னு வந்தீங்க?"

"குடுக்க வரலைங்க, கேட்டு வந்திருக்கேன். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துட்டு சின்ன நாடுங்க எல்லாம் ஒண்ணு சேர்ந்து ஓட்டுப் போட்டு ஜெயிச்சுட்டாங்க. அடுத்த மாநாடு உங்க ஊர்ப் புல்வெளியிலதான். எல்லைப் பகுதியாச்சே... ஊர்த்தலைவி நீங்க சம்மதிச்சாத்தான் உங்க அரசாங்கம் எங்க அமைச்சருங்களையே உள்ள விடுமாம்!"

ஷார்ஷென் விருந்தாளியின் பக்கத்திலிருந்து துள்ளி எழுந்து மனைவியின் அருகே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். "அவசரப்பட்டுத் தலையை ஆட்டிடாதே பர்மகான், ஒவ்வொரு அமைச்சரையும் தனித்தனியா விசாரிக்கணும்!"