சின்னவளின் ஃபைல்

“ரெண்டு பேரையும் பாருங்க டாக்டரம்மா. சின்னவள மட்டும் பாத்துட்டுப் போகச் சொன்னா, நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டேன்.”

சோலையம்மாள் இப்படிச் சொன்னதும் அவள் புருசன் பாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அச்சங்குளத்திலிருந்து விருதுநகர் வரைக்கும் பஸ் மாறி வந்ததே சின்னவள் ஆர்த்திக்காகத்தான். அதுவும் பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிற நேரத்தில், போர்மேனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு லீவு போட்டிருக்கிறான். இவள் என்னடாவென்றால், கல்லுப் போல இருக்கிற பெரியவளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறாள்.

“ஏ புள்ள, சும்மா இருக்க மாட்டியா? முத்துமாரிக்கு ஒரு கொறையும் இல்லன்னு பொறந்தப்பவே சொல்லிட்டாகல்ல!”

டாக்டர் சுப்புலட்சுமி சிரித்துக்கொண்டே பழைய ஃபைலைப் புரட்டினார். ஏழு வருடங்களுக்கு முன், இருபத்தெட்டாவது வாரத்திலேயே பிறந்துவிட்ட இரட்டைப் பெண்கள். ஆளுக்கு ஒரு கிலோ எடை. அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். பெரியவளின் தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. சின்னவளுக்கு மட்டும் மூளைக்குள் இரத்தக் கசிவு. ‘பேச்சிலும் படிப்பிலும் பின்தங்க வாய்ப்பு அதிகம். தினமும் பயிற்சி தேவை. பள்ளி வயது வரை கவனிக்கவும்’ என்று அவரே கைப்பட எழுதியிருந்தார்.

அந்த ஃபைல்தான் இப்போது வினையாகிவிட்டது. பிள்ளைகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்க்கப் போன இடத்தில், “ஒரு கிலோவுல பொறந்த பிள்ளைக டீச்சர், எப்புடி வளந்திருக்காக பாருங்க” என்று பெருமையடித்து ஃபைலை நீட்டியவன் சாட்சாத் பாண்டியேதான். படித்துப் பார்த்த டீச்சர், பெரியவளை இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். சின்னவள் மட்டும் மறுபடி ஒன்றாம் வகுப்பு, டாக்டர் கடிதம் கொடுத்தால் மாற்றலாம் என்று சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. ஒரு நாள்கூடப் பிரிந்து உட்கார்ந்து பழகாத பிள்ளை. மூன்று நாளாக ஆர்த்தி சரியாகச் சாப்பிடவில்லை.

“சரிம்மா, ரெண்டு பேரையுமே பாத்துடலாம்” என்றார் டாக்டர்.

முதலில் ஆர்த்தி. கதையைக் கொடுத்தால் கடகடவென்று வாசித்தாள். படத்தைக் காட்டினால் அப்படியே வரைந்தாள். கணக்குக்கு விரல்கூட மடக்கவில்லை. பாண்டிக்கு நெஞ்சு விம்மிப் போனது. எல்லாம் இந்த மகராசி கைவண்ணம் என்று பொண்டாட்டியைப் பார்த்தான்.

சும்மா சொல்லக்கூடாது. கம்பெனியில் நாள் முழுக்கச் சரவெடி பின்னிவிட்டு வந்து, காபித் தண்ணிகூடக் குடிக்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவாள். கை காலை நீவி விடுவாள். புளியங்கொட்டையைப் பொறுக்கி எண்ணச் சொல்வாள். வாய் ஓயாமல் பேச்சுக் கொடுப்பாள். சின்னவளுக்குச் சொன்னதைப் பெரியவளுக்கும் எதற்குச் செய்கிறாய் என்று கேட்டால், “ஒருத்திக்குச் செஞ்சிட்டு இன்னொருத்தி மூஞ்சிய எப்புடிப் பாப்பேன்?” என்று வாயை அடைத்துவிடுவாள்.

அடுத்து முத்துமாரி. வாசிப்பில் தங்கைக்குச் சளைத்தவள் இல்லை. கணக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பதினைந்தில் ஏழு போனால் எத்தனை என்பதற்கு மூன்று தடவை விரல்களை எண்ணினாள். மூன்று தடவையும் வேறு வேறு விடை வந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

“ரெண்டு பேருமே ரெண்டாம் கிளாஸ் போகலாம். ஒண்ணாவே உக்காரட்டும். நான் லெட்டர் தர்றேன். முத்துமாரிக்குக் கணக்குல மட்டும் கொஞ்சம் சிரமம் இருக்கு. இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. வாரம் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க, தேறிடுவா.”

ஆர்த்தி துள்ளிக் குதித்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“ஆனா ஒண்ணு சோலையம்மா” என்றார் டாக்டர். “பின்தங்குவான்னு நாங்க பயந்த பிள்ளை இப்படி ஜம்முனு இருக்கா. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லாத பிள்ளைக்குத்தான் சிரமம் வந்திருக்கு. நீங்க பிடிவாதம் பிடிக்கலைன்னா இதை நான் பாத்திருக்கவே மாட்டேன். எங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சது?”

“எம் பொண்டாட்டி சரம் பின்னுனா ஒரு வெடி தப்பாது டாக்டரம்மா” என்று பாண்டி மீசையைத் தடவிக்கொண்டான். “பிள்ளை விசயத்துல தப்ப விடுவாளா?”

சோலையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. புருசனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“என்னையப் போயிப் பாராட்டாதீக டாக்டரம்மா. பிள்ளைகளுக்கு அஞ்சாம் மாசம் கொலசாமி கோயில்ல மொட்டை போட்டோம். இவுக கிடாக்கறிப் பந்தியில நின்னுக்கிட்டு இருந்தாக. அடையாளத்துக்குச் சின்னவ கையில நான் கட்டியிருந்த கருப்புக் கயித்த சொந்தக்காரப் பொம்பளைக அறுத்துப் போட்டுட்டு, குளிப்பாட்டி, ரெண்டு மொட்டத் தலையிலயும் சந்தனத்தப் பூசிக் கொண்டாந்து எம் மடியில போட்டாக. அதுல எது பெரியவ, எது சின்னவன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான் ரெண்டு பேரையுமே சின்னவளா நெனச்சு வளத்துட்டேன்.”