வலது பாதம்

கோயில் கொடை விழாக்களில் கரகம் ஆடிக்கொண்டிருந்தவள் வேல்விழி. புளியறை ஊர்ச் சாலையில் லாரி மோதியதில் வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு தென்காசி வீட்டில் தரையில் துணி விரித்து, உட்கார்ந்தபடியே அருவிகளை வரையத் தொடங்கினாள். புருஷன் தங்கசாமி அவற்றைக் குற்றாலத்தில் சீசன் கடைகளுக்குக் கொண்டுபோனான். ஒன்றும் விலைபோகவில்லை.

ஒருநாள் காலையில், காயாத சாயத்தின் மேல் யாரோ ஆடிய தடங்கள் கிடந்தன. எல்லாமே வலது பாதம். முன்பு கண்ணாடிச் சில்லில் ஆடி அவள் குதிகால் கிழிந்த தழும்பும் அதில் பதிந்திருந்தது.

அந்தப் படம் அன்றைக்கே விற்றுப்போனது. பிறகு தினமும் தடங்கள் விழுந்தன. அவளுக்குக் கடைசிவரை படியாத அடவுகள்கூடத் துணியில் பிசகில்லாமல் இருந்தன.

"ராத்திரி துணிய மேல எடுத்து வச்சிருங்க. நான் வரைஞ்சது அழிஞ்சு போவுது," என்றாள்.

"அருவிய யாரு கேக்கா? நீ சாயத்த மட்டும் ஊத்தி வைட்டி," என்றான் தங்கசாமி.

அவள் வரைவதை விட்டுவிட்டாள். சாயத்தை மட்டும் ஊற்றிவைத்தாள்.

இன்று விடிந்தபோது துணியில் இரண்டு பாதங்களும் ஆடியிருந்தன. கட்டிலில் கிடந்த வேல்விழி இடது காலை மூடிய போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.

"இன்னும் பெரிய துணியா வாங்கிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.