ஏழாம் எண் குழாய்

பழைய குடியிருப்பை இடித்து நான்கு வருஷம் ஆகிறது. அங்கிருந்து கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த ஏழாம் எண் குழாயின் வாயை அன்றே சிமெண்ட் வைத்து அடைத்தாயிற்று. ஆனாலும் அதன் மீட்டரில் தினமும் காலையில் தண்ணீர் ஓடியது.

“மீட்டர் பழசு மேடம், கழட்டிடலாம்,” என்றார் ஆபரேட்டர்.

இன்ஜினியரம்மா வேண்டாம் என்றுவிட்டார். அவரே இரண்டு தடவை சோதித்துப் பார்த்திருந்தார்; மீட்டரில் கோளாறு இல்லை.

ஐந்தே முக்காலுக்கு நாற்பது லிட்டர். அப்பா நிதானமாகக் குளிப்பார். ஆறேகாலுக்கு முப்பது, அது அம்மா. ஆறரைக்கு வெறும் எட்டு லிட்டர். அண்ணனுக்கு என்றைக்கும் காக்காக் குளியல்தான். இடித்த வீடுகளில் ஒன்றில்தான் அவர்கள் நான்கு பேரும் இருந்தார்கள். அந்த மூவரும் இப்போது இல்லை. மிச்சம், கடைக்குட்டியான இன்ஜினியரம்மா மட்டும்.

ஆறரைக்குப் பிறகு மீட்டர் சும்மா இருக்கும். கடைக்குட்டி எழுந்து வர ஏழாகிவிடும். “நீ குளிச்சிட்டு வந்தாத்தானே நான் துணி துவைக்க முடியும்,” என்று அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். துவைக்க நூறு லிட்டராவது பிடிக்கும். அந்த நூறு லிட்டர் மட்டும் இந்த நான்கு வருஷமாக வரவில்லை.

மணி எட்டாயிற்று. ஆபரேட்டர் பதிவேட்டைத் திறந்தார்.

“ஏழாம் நம்பர் இன்னிக்கு அவ்வளவுதானே மேடம்? எழுதிடவா?”

“கொஞ்சம் பொறுங்க,” என்றார் அவர், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னும் ஒரு ஆள் குளிக்கணும்.”