காகிதப்பூ பேரம்

"ஒரு அடி வெட்டிக்கிறேன் மேடம். அதுக்கு மேல ஒரு இலைகூட விட மாட்டேன்" என்றார் நூர்முகம்மது.

முனிசிபல் அலுவலகத்தில் ஜூனியர் இன்ஸ்பெக்டர் வைஜெயந்தி. கையில் ஒரு பைலோடு, நடைபாதையில் கால் வைக்க இடமில்லாமல் சாலையிலேயே நின்றிருந்தாள். தீவுத் தலைநகரின் ஜங்லிகாட் பஜாரில் காலை பத்து மணிக்கு அது லேசான காரியமில்லை. "அரே தீதி, சைடு" என்று ஹிந்தியில் ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓர் ஆட்டோ அவள் துப்பட்டாவை உரசிப் போனது.

நூர்முகம்மதின் பிளாஸ்டிக் சாமான் கடை மதிலிலிருந்து இறங்கிய காகிதப்பூக் கொடி, நடைபாதையின் ஐந்தடி அகலத்தையும் விழுங்கிவிட்டுச் சாலையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கொத்துக் கொத்தாகப் பூ. குனிந்து பார்த்தால் சென்னைக் கப்பலில் வந்திறங்கிய வாளி, டிரம், நாற்காலி அடுக்கு. வாடகை இல்லாத குடோன். கொடி போனால் குடோனும் போகும்.

அதனால்தான் அவள் கொடியருகே வந்து பைலைத் திறந்ததுமே அவர் கல்லாவை விட்டு இறங்கி ஓடி வந்தார். "இந்தக் கடை ஓனர்..." என்று அவள் ஆரம்பிக்க, நான்தான் என்று சொல்லி, அவளுக்கு ஓர் இளநீரும் வரவழைத்து, ஓர் அடியில் பேரத்தைத் தொடங்கியும்விட்டார். முதலில் விலை சொல்கிறவன் கையில்தான் பேரம் இருக்கும் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம்.

"பாய், நான் எதுக்கு வந்தேன்னா..."

"எல்லாம் தெரியும் மேடம். ரெண்டடி."

அவள் பைலைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். பிறகு நிதானமாக இளநீரை உறிஞ்சினாள். கைதேர்ந்த வாடிக்கையாளர்கள் இப்படித்தான் வாயைத் திறக்காமல் நின்று விலையை இறக்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கொஞ்சம் வியர்த்தது.

கொடியின் பெருமைகளை எடுத்து விட்டார். வெயில் நேரத்தில் ஊருக்கே நிழல் தருகிறது. டூரிஸ்டுகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சின்னக் கன்றாக இருந்தபோது தூரத்து ஹட் பே துறைமுகத்திலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தது.

"ஹட் பேயா?" என்று கடைக்குள்ளிருந்து அவர் மனைவி ஜைனப்பின் குரல் வந்தது. "இங்க பக்கத்துல பாம்பூஃப்ளாட் போற ஃபெர்ரியில ஒருத்தன் கூவி வித்தான், வாங்கிட்டு வந்தீங்க. அதுக்குத் தண்ணி ஊத்தினது மழை. நீங்க எந்த மடியில வச்சீங்க?"

"நீ கல்லாவைப் பாரு" என்றார் நூர்முகம்மது.

அந்தச் சமயம் பார்த்து மீன் கூடையோடு வந்த ஒரு பெண் கொடியைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினாள். பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரன் பிரேக் போட்டு ஹிந்தியில் இரண்டு வார்த்தை சொல்ல, அவள் பெங்காலியில் நான்கு வார்த்தை திருப்பிக் கொடுத்தாள்.

"இவங்கல்லாம் எங்க நடப்பாங்க பாய்?" என்று கேட்டாள் வைஜெயந்தி.

"மூணடி. அவ்ளோதான். கடைசி விலை."

அவள் குனிந்து கொடிக்கு அடியில் பார்த்தாள். டிரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதாக, அவள் கேட்காமலே ஒப்புக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் என்றார். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரி, நாளைக்கு என்றார். அவள் பேனாவைத் திறந்தாள். இன்று சாயங்காலமே, அஞ்சடியும் மதிலோடு ஒட்ட, தன் ஆளை வைத்துத் தன் செலவிலேயே வெட்டிவிடுவதாகச் சொல்லி முடித்தார்.

"இதுக்கு மேல என்கிட்ட இறங்க இடமில்ல மேடம். ஃபைன் மட்டும் வேண்டாம்."

"ஃபைன் இல்ல பாய். நீங்க சொன்னதையே எழுதித் தர்றேன், ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டார். போட்டதும் தெம்பு வந்துவிட்டது. இத்தனை பெரிய விவகாரத்தை ஓர் இளநீரோடு முடித்தாயிற்று. ஜைனப் பக்கம் திரும்பி மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மேல எழுதிப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். எதிர்வீட்டுச் சொக்கலிங்கம்தானே? வேலைவெட்டி இல்லாத ஆளுதான் அடுத்தவன் வீட்டுச் செடியை அளந்துக்கிட்டு ஆபீசுக்குக் காகிதம் எழுதுவான்" என்றார்.

"அப்படியா சொல்றீங்க?"

"வேற யாரு? அந்த மனுவை ஒரு தடவை காட்டுங்க. மனுஷன் என்னதான் எழுதியிருக்கார்னு பார்க்கிறேன்."

வைஜெயந்தி பைலை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"இது போன மழைக்காலத்துல நீங்க கொடுத்த மனு பாய். சொக்கலிங்கம் வீட்டுச் செம்பருத்தி வேலி நடைபாதையை மறைக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த இடத்தை என்கூட வந்து கொஞ்சம் காட்டுங்கன்னு கேட்கத்தான் வந்தேன்."