திரும்பி வந்த தட்டு

“கத்துற கஸ்டமரைப் பார்த்து பயப்படாதேடா, கத்தாமப் போறவன்தான்...” என்று முதலாளியின் மாமா ஏதோ சொல்வார். மீதிப் பாதி முதலாளிக்கு ஞாபகம் இல்லை. இருந்திருந்தாலும் அன்று காலை உதவியிருக்காது.

ஜன்னலோர மேஜையில் பெரியவர் கத்திக்கொண்டிருந்தார்.

“இது முட்டையா, பஞ்சா? பேருக்குக்கூட உப்பு இல்ல. எடுத்துட்டுப் போங்க!”

சர்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லாவுக்கு வந்தான்.

“அதே ஆள்தான் சார். இந்த வாரம் முழுக்க இதே கூத்து.”

முதலாளிக்குச் சுர்ரென்று ஏறியது. கடை திறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆரஞ்சுச் சுவர், மேஜைக்கு மேஜை குட்டிக் கள்ளிச்செடி, மெக்சிகோ பாணிக் காலை உணவு என்று பார்த்துப் பார்த்துச் செய்த இடம். சோளரொட்டி, அதன்மேல் முட்டை, அதன்மேல் சிவப்பாய் சல்சா என்கிற தக்காளிச் சட்னி. பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள்.

‘இடம் அழகு, காபி அருமை, முட்டைக்கு உப்பு போடத்தான் ஆள் இல்லை’ என்று நேற்று யாரோ நெட்டில் எழுதிவிட்டார். எழுதிய ஆள் முட்டையே சாப்பிடவில்லை. பெரியவர் போட்ட கூச்சலைக் கேட்டதோடு சரி.

முதலாளி தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நிஜமாகவே உப்பில்லை.

சமையலறைக் கதவை உதைக்காத குறையாகத் தள்ளினார்.

“ஏம்மா, உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா? மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்காப் போடத் தெரியுது. அந்த ஒரு தட்டுக்கு மட்டும் உப்பு எங்க போச்சு?”

அடுப்படியில் நின்ற பெண் நிமிரவில்லை. “மறக்கல சார். வேணும்னுதான் போடல.”

“வேணும்னா? என்ன திமிர் உனக்கு!”

“அவருக்கு பிரஷர் சார். உப்பு ஆகாது.”

“அது உனக்கெப்படித் தெரியும்? நீ என்ன டாக்டரா?”

“இல்ல சார். அவரோட பொண்ணு.”

முதலாளி கதவிடுக்கு வழியே ஜன்னல் மேஜையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“அப்பான்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? உப்பில்லாமத்தான் தருவேன், பேசாம சாப்பிடுங்கன்னு?”

“பேச்சே கிடையாது சார். ‘இதுக்கா படிக்க வெச்சேன், ஊருக்கு முட்டை பொரிச்சுப் போடவா? இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே’ன்னு அனுப்பினவர். இப்ப இங்கயும் வந்து, இருக்கிற வேலையையும் கெடுத்துட்டுப் போகலாம்னு பார்க்குறார்.”

சொல்லிக்கொண்டே இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினாள். இந்தத் தடவையும் உப்பு டப்பா பக்கம் கை போகவில்லை.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. முதலாளி போட்டதுதான். தட்டு திரும்பி வந்தால் அதற்கு சர்வர் திட்டு வாங்கக் கூடாது. சமைத்தவரே புதுத் தட்டை எடுத்துப்போய் மேஜையில் வைத்து, சொல்வதைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

அவள் எடுத்துப்போனாள். வைத்தாள். நின்றாள். அவ்வளவு நேரம் கூரை அதிரக் கத்திய மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடியே அவள் திரும்பி வந்துவிட்டாள்.

முதலாளிக்கு ஆறவில்லை. பெற்ற பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட ஒரு மனுஷன் காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வருவதா? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று ஜன்னல் பக்கம் போனார்.

தட்டு அதற்குள் காலி. கழுவி வைத்த மாதிரி இருந்தது.

“நல்லாயில்ல, நல்லாயில்லன்னு சொல்லிட்டு ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கலையே பெரியவரே!”

“இப்பவும் உப்பு இல்லதான் தம்பி.”

“உங்களுக்கு ஆகாதுன்னு போடல அந்தப் பொண்ணு! நீங்க கடையே கேக்குற மாதிரி கத்துறீங்க. இப்படியே போனா நான் அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதுதானே வேணும் உங்களுக்கு?”

பெரியவர் சட்டென்று எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

“ஐயையோ, வேலையில கை வச்சுடாதீங்க தம்பி! அவ சமையல்ல ஒரு குத்தமும் கிடையாது.”

“அப்புறம் எதுக்கு தினமும் திருப்பி அனுப்புறீங்க?”

பெரியவர் சமையலறைக் கதவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“முத நாள் நிஜமாவே கோபத்துலதான் அனுப்பினேன். அவளே எடுத்துட்டு வந்து நின்னா. ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்குறேன்.” கையைப் பிசைந்தார். “திருப்பி அனுப்பினாத்தான் தம்பி அவ வெளிய வர்றா.”

முதலாளி மறுபடியும் சமையலறைக்குள் போனார். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அதை மாட்டு,” என்றார். “நாளையிலேர்ந்து ஜன்னல் மேஜைக்கு சர்வர் போகமாட்டான். முதல் தட்டையே நீதான் எடுத்துட்டுப் போகணும்.”