இழுத்த மீன்

“அண்ணாச்சி, தூண்டில் நரம்பைக் கையில சுத்தாதீங்க. இது கடலு!” கடல்பாலத்தில் பக்கத்தில் நின்ற மீனவர் எச்சரித்தார்.

“எங்க கூடலூர் முல்லையாத்துல இப்பிடித்தான் பிடிப்போம்” என்று சிரித்தான் தவசி.

பின்னால் அரிவாளால் இளநி சீவிக்கொண்டு நின்ற தங்கப்பாண்டியன் சிரிக்கவில்லை. வயலுக்குத் தண்ணி பாய்ச்சும் முறைத் தகராறில் அவருடைய தம்பியை வெட்டிப் போட்டு, ஏழு வருஷம் ஜெயிலில் இருந்தவன்தான் இந்தத் தவசி. ஊர்ப் பெரிய மனுஷர்கள் பேசிப் பங்காளிகளைச் சேர்த்துவைத்தார்கள். நேற்று புரட்டாசி அமாவாசை. தம்பிக்கு அவர் இந்தக் கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்தபோது தவசியும் கூடவே நின்று அழுதான்.

“கோவம் போயிருச்சாண்ணே?” என்றான் தவசி, திரும்பாமலே.

“மீனைப் பாருடா.”

நரம்பு விறைத்தது. மணிக்கட்டை அறுத்துக்கொண்டு ஆளையே சுண்டி இழுத்தது. தவசி ரத்தம் தெறிக்கக் குப்புற விழுந்து விளிம்புக்கு இழுபட்டான். விர்ரென்று இறங்கியது தங்கப்பாண்டியனின் இளநி சீவும் அரிவாள். நரம்பு அறுந்தது.

“நல்ல சமயத்துல வெட்டுனீங்க! இல்லேன்னா ஆளு கடலுக்குள்ள போயிருப்பாரு” என்றார் மீனவர்.

தவசி ஊர்ந்து வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டான். “ஒங்க தம்பிய வெட்டுன கையிண்ணே இது. இதையா காப்பாத்துனீக?”

தங்கப்பாண்டியன் கையிலிருந்த அரிவாளைப் பார்த்தார். மீன் கவ்வுவதற்கு முன்பே அவர் அரிவாளை ஓங்கிவிட்டார். மீன் இழுத்த இழுப்பில்தான் தவசியின் கழுத்து தப்பியது.

இப்போது அதே கழுத்து அவர் காலடியில் கிடந்தது. கைதான் எழமாட்டேன் என்றது.